நடிகர்கள் மட்டும் புகைக்கலாம்

சிகரெட் கறை ஏறிய சுவரைத் துடைக்க வினிகரும் வெந்நீரும் போதும். கடையில் விற்கிற நுரை மருந்தெல்லாம் வீண். துணியை நன்றாகப் பிழிந்து கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் பழுப்புத் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக் காய்ந்துவிடும், அப்புறம் எதற்கும் போகாது. ஸ்குபிக் பாரின் சுவர்களை நான் அப்படித்தான் மூன்று நாள் துடைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சுவர் பழுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த பிறகுதான் பச்சை என்று தெரிந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்னை ஆத்திரக்காரி என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. ஆத்திரக்காரிக்கு மூன்று நாள் சுவர் துடைக்கப் பொறுமை இருக்காது. என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்திருக்கிறேன். நேற்று வெண்டல் இங்கே வந்து, ஆர்லன் ஸ்குபிக்கைத் தான்தான் கொன்றுவிட்டதாகச் சொல்லி அழுதார் என்று கேள்விப்பட்டேன். அது சரியில்லை. வெண்டல் முப்பத்தோரு வருஷம் இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர், நல்ல மனிதர். அவர் செய்ததெல்லாம் நடித்தது மட்டும்தான். செய்தது நான். அதை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

என் பெயர் மார்லிஸ் ஹாக்கலா. வயது ஐம்பத்து மூன்று. லூன் கிரீக்கில் பிறந்தவள். ஆர்லனின் பாரில் இருபத்திரண்டு வருஷம் பீர் ஊற்றினேன். வாழ்நாளில் ஒரு சிகரெட்டை வாயில் வைத்ததில்லை. இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருமல் நிற்காமல் டுலூத் நகரத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் என்று கேட்டார். இல்லை என்றேன். எப்போது விட்டீர்கள் என்றார். பிடித்ததே இல்லை என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிற மாதிரி சிரித்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். பொய் சொல்கிறவளாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் அவர் சொன்னது இதுதான். "உங்க நுரையீரல் நாப்பது வருஷம் ஊதித் தள்ளினவங்க நுரையீரல் மாதிரி இருக்கு. ஒண்ணு நீங்க அந்த வேலையை விடணும். இல்லைன்னா புகை அந்த இடத்தை விடணும். ரெண்டும் இல்லைன்னா அஞ்சு வருஷம்."

எங்கள் ஊரில் சுரங்கம் உண்டு, அதில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். முதியோர் இல்லம் இருந்தது, மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சமையலுக்கு ஏற்கெனவே மூன்று பேர் காத்திருந்தார்கள். மிச்சம் இருந்தது பார்தான். நான் வேலையை விட முடியாது. எனவே புகைதான் போக வேண்டும். இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மினசோட்டா மாநிலம் முழுவதும் சட்டம் கொண்டுவரப் பேச்சு நடந்தது. அலுவலகம், தொழிற்சாலை, உணவு விடுதி, பார், எதுவானாலும் நான்கு சுவருக்குள் புகைக்கக் கூடாது. மக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். பஸ் பிடித்துத் தலைநகரத்துக்குப் போனேன். ஐந்து மணி நேரம். ஆளுக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். அதில் நாற்பது விநாடி நான் இருமினேன். மிச்ச நேரத்தில் சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. ஆனாலும் அடுத்த வருஷம் சட்டம் வந்தது. அதில் என் இருமலுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் முதல் தேதி அது அமலுக்கு வந்தது. நாற்பத்தோரு சாம்பல் கிண்ணங்களைக் கழுவித் துடைத்து அட்டைப் பெட்டியில் வைத்துக் கீழ்த்தளத்துக்கு எடுத்துப் போனேன். அப்புறம்தான் சுவர் துடைத்தது. நவம்பரில் ஒரு நாள், கீழ்த்தளத்திலிருந்து பீர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் எங்கும் நிற்காமல் மேலே வந்துவிட்டேன். மேலே வந்த பிறகுதான் அதைக் கவனித்தேன். பெட்டியை வைத்துவிட்டு மறுபடியும் சும்மா இறங்கி ஏறிப் பார்த்தேன். அந்த நாலு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். சாய்வு நாற்காலியில் இல்லாமல் கட்டிலில் படுத்துத் தூங்கினேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

ஊர்க்காரர்கள் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், அது உங்களுக்கே தெரியும். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிரில் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்புகிறவர், கோட்டை ரொம்ப மெதுவாக, நான் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு பொத்தானாகப் போடுவார். "பரவாயில்லை, நல்ல காத்துதான்" என்பார். எனக்குச் சட்டத்தம்மா என்று பெயர் வைத்தார்கள். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆர்லனைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் தங்கமான முதலாளி. அறுபத்தேழு வயது, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, தெருக்கோடிக்குக் கேட்கிற சிரிப்பு. டுலூத்துக்கு என்னைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனதே அவர்தான். தன் வண்டியில், தன் பெட்ரோலில், ஒரு நாள் பாரை மூடிவிட்டு. போகும்போதும் வரும்போதும் ஜன்னலை ஏற்றிவிட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டே ஓட்டினார். எனக்குக் குளிரக் கூடாதே என்று ஜன்னலை ஏற்றினாராம்.

பிப்ரவரியில் அந்த நாடக விஷயம் தொடங்கியது. தெற்கே எங்கேயோ ஒரு வக்கீல் சட்டத்தை வரிவரியாகப் படித்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். நாடகம் நடக்கும்போது நடிகர்கள், நடிப்பின் பகுதியாக, புகைக்கலாம். அவ்வளவுதான் அந்த வரி. மேடையில் சிகரெட் பிடிக்கிற பாத்திரத்துக்காக யாரோ நல்லெண்ணத்தில் சேர்த்தது. ஒரு வாரத்தில் மாநிலம் முழுக்கப் பாருக்குப் பார் நாடகக் கொட்டகை ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆர்லன் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார். உள்ளே நாடகம் நடைபெறுகிறது என்று எழுதியிருந்தது. வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் நடிகர் என்று எழுதிய சீட்டைச் சட்டையில் குத்திவிட்டார். கீழ்த்தளத்திலிருந்து என் நாற்பத்தோரு கிண்ணங்களும் மேலே வந்தன.

வெண்டல் சீட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு என்னப்பா வேஷம்?" என்றார்.

"நீ வெண்டலா நடிக்கிற," என்றார் ஆர்லன்.

"அவன் ரொம்ப மோசமான ஆளாச்சே. நான் எப்படிப் பண்ணுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சீட்டுக் குத்தவில்லை. ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் நடிச்சா பாக்கறது யாரு? நீதான் எங்க கூட்டம், சட்டத்தம்மா," என்றார் ஆர்லன். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் அப்படித்தான் வளர்ப்பார்கள்.

நான் செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்தேன். புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல் என் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, இந்த மாதிரிப் புகார் நிறைய வருகிறது, பரிசீலனையில் இருக்கிறது என்றது. ஏழு கடிதம் எழுதினேன். ஏழாவதை எழுதும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. கடைசியாக மாவட்ட அலுவலகத்திலிருந்து கிரேட்டா என்று ஒரு பெண்மணி பார்வையிட வந்தார். தடியான கோட்டு, சின்னக் குறிப்பேடு. பாரில் விற்கிற, வினிகரில் ஊறிய முட்டை ஒன்றைத் தின்றார், சுற்றிலும் பார்த்தார், இரண்டு முறை தும்மினார். கிளம்பும்போது ஆர்லனிடம் தன்மையாக, இதற்கு எழுத்துப் பிரதி இல்லை, மேடை இல்லை, பாத்திரங்கள் இல்லை, இதை நாடகம் என்று ஏற்றுக்கொள்வது கஷ்டம் என்றார். கஷ்டம் என்றுதான் சொன்னார். கூடாது என்று சொல்லவில்லை. கூடாது என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு நாம் யாரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

நடுவில் ஒன்று. நீங்கள் உள்ளே வருவதற்கு முன்னால் வெளியே நின்று பிடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், சட்டையில் வாடை வருகிறது. வெளியே போனதற்கு நன்றி. எல்லோரும் உங்களைப் போல இருந்தால் போதும்.

மறுநாள் ஆர்லன் என்னிடம் வந்தார். ஊரில் பௌலிங் ஆடுகிறவர்களின் சங்கத்துக்கு மாதம் ஒரு செய்தித் தாள் வரும், அதை எழுதுகிறவள் நான். ஊரில் வேறு யாரும் எதுவும் எழுதுவதில்லை.

"மார்லிஸ், ஒரு நாடகம் எழுதிக் குடு," என்றார்.

"நான் எழுதினா மனப்பாடம் பண்ணணும்."

"பண்ணுவானுங்க."

"மூணு அங்கம் இருக்கும். ஒத்திகைக்கு வரணும்."

"முப்பது அங்கம்கூட வை தாயே. ஒவ்வொரு அங்கத்துலயும் சாம்பல் கிண்ணம் இருக்கணும், அவ்வளவுதான்."

யாரிடம் இதைக் கேட்கிறோம் என்று அவருக்கு ஒரு விநாடிகூடத் தோன்றவில்லை. நான் மறுக்கலாம் என்றுகூட நினைக்கவில்லை. டுலூத்துக்கு என்னைக் கூட்டிப்போனவர் அவர், படத்தைப் பார்த்தவர் அவர். அதையெல்லாம் அவர் மறந்துவிடவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் சம்மதித்ததற்கு ஒரு கணக்கு இருந்தது. சுரங்கத்து ஆட்களுக்கு மூன்று அங்கம் மனப்பாடம் என்றால் ஒரே வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள், கிண்ணமெல்லாம் கீழே போய்விடும் என்று நினைத்தேன். அதனால் நீளமாக எழுதினேன். நான் போட்ட கணக்கிலேயே மோசமான கணக்கு அது. அவர்களுக்கு அது பிடித்துவிட்டது. வெண்டல் லாரி ஷெட்டில் நின்றுகொண்டு வசனம் சொல்லிப் பழகினார். அவர் மனைவி திரைச்சீலை தைத்தார். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வழக்கமாக நடக்கும் இறைச்சிக் குலுக்கல், யாருக்குப் பன்றித் தொடை, யாருக்குச் சாசேஜ் என்பதெல்லாம் முடிந்ததும் இரண்டு மணிக்கு நாடகம். பக்கத்து ஊர்களிலிருந்து பனிவண்டிகளில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் சீட்டு, எல்லோரும் நடிகர்கள், எல்லோர் கையிலும் சிகரெட். உள்ளே எதிர்ச்சுவர் தெரியாது. மூன்றாவது வாரம் நான் வெள்ளைத் துணியால் சுவரைத் துடைத்துப் பார்த்தேன். துணி பழுப்பாக வந்தது. மறுபடியும் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினேன். காலையில் தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள் இருந்தன.

இப்போது மூன்றாம் அங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆர்லனுக்கு இதயத்தில் கோளாறு. போன வருஷம் அடைத்துப்போன ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாய் வைத்தார்கள். ஊரில் யாருக்கும் தெரியாது, மீன் பிடிக்கக் கனடா போவதாகச் சொல்லிவிட்டு டுலூத்தில் ஒரு வாரம் படுத்திருந்தார். தெரிந்தால் ஆளாளுக்குச் சிகரெட்டைப் பிடுங்குவார்கள், சூப்புக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அது அவருக்கு ஆகாது. எனக்கு மட்டும் தெரியும், யாராவது ஒருவருக்குத் தெரிந்துதானே ஆக வேண்டும். சட்டைப் பையில் சின்னப் புட்டி ஒன்று வைத்திருப்பார். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, வைத்ததும் சுருக்கென்று எரியும். வலி வந்தால் பின்னறையில் பீர்ப் பெட்டிமேல் உட்கார்த்தி, ஒரு மாத்திரையை நான் வைத்துவிடுவேன். ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவார். அப்படி மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

நாடகத்தில் அவருக்குப் பார் முதலாளி வேஷம். மூன்றாம் அங்கத்தில் முதலாளிக்கு நெஞ்சுவலி வருகிறது. மாத்திரை கேட்கிறார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற நண்பர்கள் புகை விட்டுக்கொண்டு சீட்டாடுகிறார்கள், யாரும் எழுந்திருப்பதில்லை. அவர் சாகிறார். அதை நான் விளையாட்டாக எழுதவில்லை. அதைப் பார்த்தாவது அவர்களுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு ஆள் மூச்சுக்குத் தவிக்கிறார், நீங்கள் சிகரெட்டைக் கீழே வைக்கக்கூட மாட்டேன் என்கிறீர்கள், அதுதான் நான் சொல்ல வந்தது. தலைநகரத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததால் சொல்லாமல் விட்ட பாதி அது.

அவர்கள் சிரித்தார்கள். நாடகத்திலேயே அதிகம் சிரித்த இடம் அதுதான். ஆர்லன் பிரதியைப் படிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "யாருக்கும் தெரியாதுங்கிற தைரியத்துல என்னையே எழுதிட்டியா? பலே ஆளு நீ," என்று என் தோளில் தட்டினார்.

ஒத்திகையில் அவர் முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காளை மாதிரிக் கத்தினார். அப்படி இல்லை என்று பின்னறைக்குத் தனியாகக் கூப்பிட்டுத் திருத்தினேன். உங்களுக்கு நிஜமாக வரும்போது எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். முதலில் தாடையைத் தேய்ப்பீர்கள். ஏதோ அஜீரணம் என்பீர்கள். அப்புறம் உட்கார இடம் தேடுவீர்கள். குரல் உயராது, தாழும். அவர் நன்றாகக் கற்றுக்கொண்டார். ஐந்து சனிக்கிழமைகளில் ஐந்து முறை, தனக்கு எப்படி வருமோ அச்சு அசல் அப்படியே செத்துக் காட்டினார். ஊரே அதைப் பழகிக்கொண்டது. அவர் தாடையைத் தேய்த்ததுமே பின்வரிசையில் சிரிப்புத் தொடங்கிவிடும்.

பிரதியில் இன்னொரு விதியும் எழுதியிருந்தேன். பார் மேஜைக்கு மேலே தொங்கும் மணி அடிக்கும்வரை யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. வழக்கமாக அந்த மணியை யாராவது எல்லோருக்கும் ஒரு சுற்றுப் பீர் வாங்கித் தரும்போது அடிப்பார்கள். நாடகத்தில் அதை அடிப்பது என் வேலை. எங்கள் ஆட்கள் சட்டத்தை மதிக்காமல் போகலாம், மணியை மதிப்பார்கள்.

ஆறாவது சனிக்கிழமைக்கு இரண்டாம் அங்கத்தின் முடிவில் வரும் போல்கா நடனத்தைக் கொஞ்சம் நீட்டினேன். முன்பு நாலு நிமிஷம், இப்போது பத்து. முதலாளி ஒவ்வொரு பெண்ணோடும் ஒரு சுற்று ஆட வேண்டும். அதன் பிறகு பீர்ப் பீப்பாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவருக்கு அது பிடித்திருந்தது. கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது, அக்கார்டியன்காரர் நிறுத்தவில்லை, உள்ளே புகை இடுப்பளவு நின்றது. எனக்கும் மூச்சு முட்டியது. நான் இருமிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் அங்கத்தில் அவர் பிரதியில் இருப்பதற்கு முன்னாலேயே ஒரு பீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். தாடையைத் தேய்த்தார். பின்வரிசை சிரித்தது. அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தானே புட்டியை எடுத்து ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. பிரதியில் அவர் மாத்திரை கேட்பது மட்டும்தான், போட்டுக்கொள்வது இல்லை.

"மார்லிஸ்," என்றார். "இது எரியல. இனிக்குது."

கூட்டம் ஓவென்று சிரித்தது. புது வசனம் என்று நினைத்தார்கள். வெண்டல் ஆடிக்கொண்டிருந்த சீட்டுகளிலிருந்து தலையைத் தூக்காமல், "இனிச்சா இன்னொண்ணு போட்டுக்கோ," என்றார். அந்த வரி நான் எழுதியது அல்ல, அவராகச் சொன்னது. நல்ல வரிதான். அதை நினைத்துத்தான் அவர் தூங்காமல் அழுகிறார், அதனால்தான் இங்கே வந்து தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டார். அவரிடம் சொல்லிவிடுங்கள், புட்டியில் இருந்தது காபிக்குப் போடுகிற இனிப்பு மாத்திரை. அவர் என்ன சொல்லியிருந்தாலும் அது இனித்துத்தான் இருக்கும்.

நான் மணிக்குக் கீழே நின்றேன். ஆர்லன் பெட்டிமேலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார், அப்புறம் படுத்தார். போன வாரங்களைவிடச் சத்தம் குறைவாக இருந்தது. யாரும் அசையவில்லை. சிரித்தார்கள், புகைத்தார்கள், சீட்டைப் போட்டார்கள். எதிரே கடிகாரம் இருந்தது. பதினோரு நிமிஷம் கழித்து மணியை அடித்தேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் எழுந்து குனிந்து வணங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அது இன்னும் ஒரு நிமிஷம்.

அதன் பிறகு நடந்தது உங்கள் குறிப்பிலேயே இருக்கும். ஆம்புலன்ஸ் வந்தது, கதவை இரண்டு பக்கமும் திறந்து போட்டார்கள், குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. நான் நன்றாக மூச்சு இழுத்தேன். இதைக் கேட்டு நீங்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். முறையாகக் கேட்டேன், எழுதினேன், போன் செய்தேன், பஸ்ஸில் போனேன். நாடகமாகவும் சொல்லிப் பார்த்தேன். எந்த வழியும் மிச்சமில்லாதபோதுதான் இதைச் செய்தேன். எனக்கு மட்டுமல்ல, அந்தப் புகையில் நிற்கிற எல்லோருக்காகவும்தான். வேலை செய்கிற இடத்தில் மூச்சு விடும் உரிமை என்று சட்டத்தில் இருக்கிறது.

மாத்திரையை எப்போது மாற்றினேன் என்று கேட்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம். அவர் சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பீப்பாய்க்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது. அதற்கு முன்னால் அப்படி ஒரு எண்ணம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். நிறையச் சனிக்கிழமைகள் இருக்கின்றனவே என்ற நினைப்பு.

இந்தக் கடிதத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். மாநில அலுவலகத்திலிருந்து, பதிவுத் தபால். பார்களில் நடக்கும் இந்தக் கூத்து நாடகமாகாது, வரும் திங்கட்கிழமையோடு நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் உரிமம் ரத்து என்று போட்டிருக்கிறது. என் புகார்களுக்கு நன்றி சொல்லிக் கீழே ஒரு வரியும் இருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. ஆர்லன் ஏரிக்குப் போயிருந்தார், நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இரண்டு முறை படித்தேன். மிச்சம் இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமைதான் என்று புரிந்தது. அதன் பிறகுதான் உட்கார்ந்து போல்காவை நீட்டி எழுதினேன்.